கெய்ரோ துக்கா: வாங்குவது முதல் பரிமாறுவது வரை

துக்கா செய்வது எப்படி என்று தேடினால் கிடைக்கும் குறிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஒருவர் எல்லாவற்றையும் ஒரே வாணலியில் கொட்டி வறுக்கச் சொல்வார். இன்னொருவர் சூடு ஆறும் முன்பே மிக்ஸியில் போடச் சொல்வார். இரண்டையும் கேட்டு நடந்தால் எள் கருகி, பருப்பு களிம்பாகி, கொடுத்த காசு வீண். கெய்ரோவுக்குப் புதிதாகக் குடிவந்து சமையலறையைத் தயார் செய்கிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். வேறு ஊரில் இருந்தாலும் கடை பற்றிய பகுதியை மட்டும் தாண்டிவிட்டால் மற்றதெல்லாம் பொருந்தும்.

துக்கா என்பது வறுத்த ஹேசல்நட் (ஒரு வகைக் கொட்டைப் பருப்பு), எள், மல்லிவிதை, சீரகம், மிளகு, உப்பு ஆகியவற்றைக் கொரகொரப்பாக இடித்த கலவை. ரொட்டியை எண்ணெயில் தொட்டு, பிறகு இதில் தொட்டுச் சாப்பிடுவார்கள். நம் இட்லிப் பொடிக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பொடியில் எண்ணெய் ஊற்றிக் குழைப்பதுபோல் இதைக் குழைக்கக் கூடாது. இது கடைசிவரை உலர்ந்தே இருக்க வேண்டும். கீழே சொல்லியிருக்கும் படிகளில் பாதி, இந்த உலர்ந்த தன்மையைக் காப்பாற்றத்தான்.

1. நேரமும் செலவும்

அடுப்பு வேலை அரை மணி நேரம். அதன்பிறகு ஆறவைக்க முக்கால் மணி நேரமாவது வேண்டும், இடிக்கக் கால் மணி. விருந்தாளி ஏழு மணிக்கு வருகிறார் என்றால் ஆறரைக்கு ஆரம்பிக்கிற சமாச்சாரம் இல்லை இது. முந்தின நாளே செய்து வைத்துவிடுவது நல்லது. ஓர் இரவு மூடி வைத்தால் சீரகமும் மல்லியும் பருப்போடு சேர்ந்து வாசனை இன்னும் நன்றாக இருக்கும்.

செலவில் பெரும்பங்கு ஹேசல்நட்டுக்குத்தான் போகும். மற்ற எல்லாப் பொருளையும் கூட்டினாலும் அதன் விலைக்கு வராது. எகிப்துக்கு அது இறக்குமதிச் சரக்கு. 2024 மார்ச்சில் எகிப்திய பவுண்டின் மதிப்பைச் சந்தையின் போக்குக்கு விட்டபோது, ஒரு டாலர் சுமார் 31 பவுண்டிலிருந்து 50 பவுண்டை ஒட்டிப் போய்விட்டது. அதனால் அதற்கு முன்பு யாரோ எழுதிவைத்த விலைப்பட்டியலை நம்பிக் கடைக்குப் போகாதீர்கள்.

கையைக் கடிக்கிறது என்றால் பாதி ஹேசல்நட், பாதி நிலக்கடலை போடலாம். அதில் குறைச்சலாக நினைக்க ஒன்றுமில்லை. கெய்ரோவில் மலிவாக விற்கும் துக்காவில் ஹேசல்நட் பெரும்பாலும் இருப்பதே இல்லை. நிலக்கடலையோ வறுத்த கொண்டைக்கடலையோதான் இருக்கும். அதுவும் இல்லாமல் மசாலாவும் உப்பும் காய்ந்த புதினாவும் மட்டுமே கொண்ட வகையும் உண்டு. பருப்பு மிகுந்து மசாலா பேருக்கு இருப்பது ஆஸ்திரேலியாவில் பிரபலமான பாணி. எனக்குப் பிடித்தது எள்ளும் மல்லியும் தூக்கலாக இருக்கும் பழைய பாணிதான்.

2. அளவு

முதல் தடவைக்கு இது போதும். பத்துப் பேர் தொட்டுக்கொள்ளலாம்.

ஹேசல்நட் – 100 கிராம்
வெள்ளை எள் – 60 கிராம்
மல்லிவிதை – 30 கிராம்
சீரகம் – 15 கிராம்
மிளகு – 1 தேக்கரண்டி
உப்பு – 1 தேக்கரண்டி, பிறகு ருசி பார்த்து
காய்ந்த புதினா – 1 தேக்கரண்டி, விருப்பம் இருந்தால்

தராசு இல்லாதவர்கள் எள், மல்லி இரண்டையும் ஆறேழு மேசைக்கரண்டி, சீரகத்தை இரண்டரை மேசைக்கரண்டி என்று எடுத்துக்கொள்ளலாம். ஆரம்பத்தில் சீரகத்தைக் கூட்டாதீர்கள். மூன்றாம் நாள் அதன் மணம் மட்டும்தான் மிஞ்சும்.

3. கடையில் கேட்பது எப்படி

மசாலா, விதை, மூலிகை விற்பவை அத்தார் கடைகள். பேட்டைக்குப் பேட்டை உண்டு. பழைய கெய்ரோவின் கான் அல்-கலீலி சந்தைக்கும் அல்-முயிஸ் தெருவுக்கும் பக்கத்தில் ஏராளம். சுற்றுலாப் பயணிகள் நடமாடும் முகப்பில் வாங்காமல் உள்தெருவில் வாங்கினால் விலை குறையும், சரக்கும் சீக்கிரம் சீக்கிரம் விற்றுத்தீர்வதால் புதிதாக இருக்கும். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் போகாதீர்கள், பல கடை மூடியிருக்கும்.

நூறு கிராம், ஐம்பது கிராம் என்று கேட்பதைவிட அங்கே பழகிய கணக்கில் கேட்டால் சுலபம். கால் கிலோவுக்கு "ரொப்அ", 125 கிராமுக்கு "தொம்ன்". ஹேசல்நட் "புந்து", எள் "சிம்சிம்", மல்லி "குஸ்பரா", சீரகம் "கம்மூன்". மல்லிக்கும் சீரகத்துக்கும் "ஸஹீஹ்" என்று சேர்த்துச் சொல்ல மறக்க வேண்டாம். முழுசாக வேண்டும் என்று பொருள். சொல்லாவிட்டால் அரைத்த தூளை அளந்து பொட்டலம் கட்டிவிடுவார்கள். தூளை வைத்து துக்கா செய்ய முடியாது.

அடுத்த கண்ணி, வறுத்த பருப்பு. பருப்பும் விதையும் வறுத்து விற்கும் கடையை "மஅலா" என்பார்கள். வாசனை தெருமுனை வரை வரும், ஆளை இழுக்கும். ஆனால் அங்கே கிடைப்பது பெரும்பாலும் உப்புப் போட்டு வறுத்தது. எவ்வளவு நாளுக்கு முன் வறுத்தது என்பதும் தெரியாது. துக்காவுக்கு வறுக்காத பச்சைப் பருப்பு வேண்டும், "நைய்" என்று கேளுங்கள்.

இன்னொன்று. துக்காவை கெய்ரோவில் யாரும் "துக்கா" என்று உச்சரிப்பதில்லை. நடுவில் இருக்கும் எழுத்தை விழுங்கி "தொஅ்அ" என்பதுபோல் சொல்வார்கள். கொஷரி (அரிசி, பருப்பு, மக்ரோனி கலந்த உணவு) விற்கும் கடையில் அதையே கேட்டால் கையில் கிடைப்பது பூண்டும் வினிகரும் கலந்த சாறு. எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், பொருள் வேறு. அத்தார் கடையில் கேட்டால் இந்தக் குழப்பம் வராது.

வாங்குமுன் ஒரு ஹேசல்நட்டைக் கடித்துப் பாருங்கள். கடைக்காரர்கள் இதற்குத் தப்பாக நினைப்பதில்லை, அவர்களே எடுத்து நீட்டுவார்கள். இனிப்பாக இருக்க வேண்டும். நாக்கின் பின்பக்கம் கசப்போ சிக்கு வாடையோ தட்டினால் அந்த மூட்டை பழசு. எவ்வளவு வறுத்தாலும் அது போகாது. எள்ளைக் கொஞ்சம் உள்ளங்கையில் தேய்த்தால் மண் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

ரமலானுக்கு முந்தைய வாரங்களில் உலர்பழமும் பருப்பும் வாங்க ஊரே திரளும். அந்தச் சரக்குகளுக்கு "யமீஷ்" என்றே தனிப் பெயர். அப்போது ஹேசல்நட் புதிதாக வந்து இறங்கும், விலையும் கூடவே ஏறும். முடிந்தால் ஒரு மாதம் முன்பே வாங்கிப் பச்சையாகவே ஃப்ரீஸரில் வைத்துவிடுங்கள்.

4. சுத்தம் செய்வது

திறந்த மூட்டையிலிருந்து வாங்கிய மல்லியிலும் சீரகத்திலும் காம்பு, சிறுகல், மண் எல்லாம் இருக்கும். ஒரு தட்டில் பரப்பிக் கல் பொறுக்கி, சல்லடையில் தட்டினால் போதும். தண்ணீரில் கழுவும் பழக்கம் நமக்கு உண்டு, இங்கே வேண்டாம். எள்ளில் மண் மிகுதியாக இருந்து கழுவியே ஆகவேண்டும் என்றால், முந்தின நாளே கழுவி, துணியில் பரப்பி, நன்றாகக் காயவிடுங்கள். ஈர எள் வாணலியில் வறுபடாது, வேகும்.

5. வறுப்பது: ஒவ்வொன்றும் தனித்தனியாக

சேர்த்து வறுக்கக் கூடாது. ஹேசல்நட்டுக்குப் பத்து நிமிடம் ஆகும், சீரகத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் கூடாது. ஒன்றாகப் போட்டால் ஒன்று பச்சை, ஒன்று கரி. எண்ணெய் ஒரு சொட்டுகூட வேண்டாம், எல்லாமே வெறும் வாணலியில்தான்.

முதலில் ஹேசல்நட். ஓவன் இருந்தால் 170 டிகிரியில் 10 முதல் 14 நிமிடம், நடுவில் ஒருமுறை தட்டைக் குலுக்கிவிட்டு. ஓவன் இல்லாவிட்டால் அடிகனமான வாணலியில் குறைந்த தீயில், கை விடாமல் கிளறி, அதே அளவு நேரம். தோல் வெடித்துப் பிளக்க ஆரம்பித்ததும் ஒன்றை எடுத்து இரண்டாக வெட்டிப் பாருங்கள். உள்ளே இளம்பழுப்பாக இருந்தால் இறக்கிவிடலாம். வெளித்தோலின் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது முதலிலிருந்தே கருப்பாகத்தான் தெரியும்.

சூடாக இருக்கும்போதே ஒரு பழைய துண்டில் கொட்டி, மூட்டையாகச் சுருட்டி இரண்டு நிமிடம் வைக்க வேண்டும். உள்ளே கட்டுண்ட சூட்டில் தோல் தளர்ந்துவிடும். பிறகு துண்டோடு சேர்த்து மேசைமேல் வைத்து அழுத்தித் தேய்த்தால் தோல் உதிரும். முழுவதும் போகாது, போகவும் தேவையில்லை. அங்கங்கே ஒட்டிக்கொண்டிருப்பதை நகத்தால் சுரண்டி உட்கார்ந்திருக்க வேண்டாம். முக்கால்வாசி போனால் கசப்பு தெரியாது. துண்டைச் சமையலறையில் உதறாதீர்கள். அந்தத் தோல் தூசு மாதிரி பறந்து எல்லா இடத்திலும் ஒட்டும். மாடியிலோ ஜன்னலுக்கு வெளியிலோ உதறுங்கள்.

அடுத்தது மல்லி. நடுத்தரத் தீயில் இரண்டு மூன்று நிமிடம். நிறம் லேசாக மாறி, எலுமிச்சைத் தோலை நசுக்கியதுபோல் ஒரு மணம் வரும். அப்போது தட்டில் கொட்டிவிடுங்கள். அதே வாணலியில் சீரகமும் மிளகும், முக்கால் நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம். புகை தெரிந்தால் தாமதம்.

எள் கடைசி. தீயைக் குறைத்து, கிளறிக்கொண்டே இருங்கள். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். அப்புறம் ஒன்றிரண்டு எள் துள்ளும், படபடவென்று சத்தம் கேட்கும், நிறம் சட்டென்று பொன்னாகும். இந்த இடத்தில் போன் வந்தால் எடுக்காதீர்கள். பொன்னிறத்துக்கும் கருகலுக்கும் நடுவில் அரை நிமிடம்தான். அடுப்பை அணைத்துவிட்டு வாணலியிலேயே விட்டுவைப்பதும் தவறு. வாணலியின் சூடு தொடர்ந்து வறுத்துக்கொண்டே இருக்கும். அகலமான குளிர்ந்த தட்டில் கொட்டிப் பரப்பிவிடுங்கள்.

எள் கருகிவிட்டால் அதை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வறுங்கள். 60 கிராம் எள் பெரிய விலை இல்லை. கருகலைக் கலந்துவிட்டால் ஹேசல்நட்டும் சேர்ந்து வீண்.

6. ஆறவைத்து இடிப்பது

பலரும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

ஹேசல்நட்டில் பாதிக்கு மேல் எண்ணெய், எள்ளிலும் ஏறக்குறைய அப்படித்தான். சூடாக இருக்கும்போது அரைத்தால் அந்த எண்ணெய் வெளியே வந்துவிடும். பொடி பிடிகட்ட ஆரம்பிக்கும். இன்னும் இரண்டு சுற்று சுற்றினால் வெண்ணெய் மாதிரி ஆகிவிடும், அதற்குமேல் திருப்பிக் கொண்டுவர வழியே இல்லை. (ரொட்டியில் தடவிச் சாப்பிடலாம், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் துக்கா ஆகாது.) கையால் தொட்டு, உள்ளங்கையில் கொஞ்சமும் வெதுவெதுப்பு தெரியாத வரை காத்திருங்கள். கெய்ரோவின் ஜூலை மாதத்தில் மின்விசிறிக்குக் கீழேயே ஒரு மணி நேரம் ஆகும்.

இடிக்கும் வரிசை: முதலில் மல்லி, சீரகம், மிளகு மூன்றையும் சேர்த்து. மல்லியின் ஓடு உடைந்து, பாதி தூளாகவும் பாதி குருணையாகவும் இருக்கும் பதம். இதைப் பாத்திரத்தில் மாற்றிவிட்டு ஹேசல்நட்டைத் தனியாக இடியுங்கள். பெரியதாக ஒன்றிரண்டு துண்டு தட்டுப்பட்டாலும் குற்றமில்லை. எள்ளில் பாதியை மட்டும் லேசாக நசுக்கி, மீதியை முழுசாகவே விட்டுவிடுங்கள். வாயில் கடிபடும்போது வித்தியாசம் தெரியும்.

உரல்தான் சிறந்தது. எகிப்திய வீடுகளில் "ஹோன்" என்று ஒரு பித்தளை உரல் இருக்கும், அத்தார் கடைகளிலும் பாத்திரக் கடைகளிலும் கிடைக்கும். குழந்தை பிறந்த ஏழாம் நாள் சடங்கில் இதே உரலைத்தான் குழந்தையின் பக்கத்தில் வைத்து டங் டங்கென்று தட்டுவார்கள். அடுக்குமாடி வீட்டில் இரவு பத்து மணிக்கு துக்கா இடித்தால் அண்டைவீட்டார் என்ன நினைப்பார்கள் என்று அப்போதுதான் புரியும்.

மிக்ஸிதான் இருக்கிறது என்றால் சின்ன ஜாரில், பாதிக்குமேல் நிரப்பாமல், ஒரு நொடி ஓட்டி நிறுத்தி, ஜாரைக் குலுக்கி, மறுபடி ஒரு நொடி. நாலைந்து தடவையில் முடிந்துவிடும். ஜாரின் சுவரில் பொடி ஒட்ட ஆரம்பித்தால் அதுதான் எச்சரிக்கை, உடனே நிறுத்துங்கள். எள்ளை மிக்ஸியில் போடவே வேண்டாம். சப்பாத்திக் கட்டையை அதன்மேல் ஒரு தடவை உருட்டினால் போதும்.

எல்லாவற்றையும் கையால் கலந்து, உப்பும் காய்ந்த புதினாவும் கடைசியில் சேருங்கள். புதினாவை வறுக்கக் கூடாது, விரலால் நொறுக்கிப் போட்டால் போதும். உப்பைத் தனிப் பொடியில் ருசி பார்த்துத் தீர்மானிக்காதீர்கள், தூக்கலாகத் தெரியும். ஒரு துண்டு ரொட்டியில் எண்ணெய் தொட்டு, அதோடு சேர்த்து ருசி பாருங்கள்.

7. பரிமாறுவது

ரொட்டி முக்கியம். எகிப்தின் அன்றாட ரொட்டி ஐஷ் பலதி. தவிட்டோடு கூடிய மாவில் செய்து, அடுப்பில் உப்பி வரும் வட்டமான ரொட்டி. மானிய விலை ரொட்டியை வாங்க ரேஷன் அட்டை வேண்டும். 2024 ஜூன் முதல் அதன் விலை 5 பியாஸ்டரிலிருந்து 20 பியாஸ்டர் ஆனது (100 பியாஸ்டர் ஒரு பவுண்டு). அட்டை இல்லாத வெளிநாட்டவர் அந்த வரிசையில் நின்று பயனில்லை. மானியம் இல்லாத ரொட்டியைத் தனியாக விற்கும் அடுப்புக்கடைகள் எல்லாப் பேட்டையிலும் உண்டு, அங்கே வாங்குங்கள். துணியில் சுற்றிக் கொண்டுவந்தால் வீடு வரை சூடு தாங்கும். ஆறிவிட்டால் நேரடித் தீயில் இரண்டு பக்கமும் சில நொடி காட்டினால் சரியாகிவிடும்.

எண்ணெய்க்கு ஆலிவ் எண்ணெய். ஸீவா என்ற பாலைவனச் சோலையிலிருந்து வருவது நன்றாக இருக்கும். "ஸைத் ஹார்" என்று ஒன்று விற்கும், மலிவாக இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். அது ஆளிவிதை எண்ணெய், ஃபூல் என்ற வேகவைத்த மொச்சை வகை உணவுக்கு ஊற்றுவார்கள். பழகாத நாக்குக்கு அதன் காரமான கசப்பு துக்காவையே மறைத்துவிடும்.

இரண்டு தட்டையான கிண்ணம் எடுங்கள், ஒன்றில் எண்ணெய், ஒன்றில் துக்கா. ரொட்டியைக் கையால் பிய்த்து, எண்ணெயில் தொட்டு, ஓரத்தில் வழித்து, பிறகு துக்காவில் ஒற்ற வேண்டும். முதலில் துக்கா, பிறகு எண்ணெய் என்று மாற்றினால் பாதிப் பொடி எண்ணெய்க்குள் போய் அடியில் தங்கிவிடும். புதிதாக வருகிறவர்கள் நிச்சயம் மாற்றித்தான் தொடுவார்கள், முதல் துண்டை நீங்களே தொட்டுக் காட்டிவிடுங்கள். துக்காவைக் குவித்து வைக்காமல் தலைக்கு இரண்டு மேசைக்கரண்டி என்று கொஞ்சமாக வைத்து, தீரத்தீரப் போடுங்கள். கிண்ணத்தில் மிச்சமானதைப் புட்டியில் திருப்பிக் கொட்டக் கூடாது. அதில் எண்ணெயும் ரொட்டித் துணுக்கும் கலந்திருக்கும், மொத்தப் புட்டியும் கெட்டுவிடும்.

பக்கத்தில் வைக்க: வேகவைத்த முட்டை, தக்காளி, வெள்ளரி, கிப்னா அரீஷ் என்ற உப்புக் குறைந்த வெள்ளைப் பாலாடைக்கட்டி. முட்டையை நான்காக வெட்டி அதன்மேல் ஒரு சிட்டிகை துக்கா தூவினால் வேறு ஒன்றும் வேண்டாம். மீனிலும் கோழியிலும் பிசறிப் பொரிக்கிற புதுப் பழக்கம் இப்போது உண்டு. தீயில் எள் கருகிவிடுவதால் எனக்கு அதில் நாட்டமில்லை. செய்தே ஆகவேண்டுமானால் இறக்கும்போது மேலே தூவுங்கள்.

விருந்தாளிகளில் காப்டிக் கிறிஸ்தவர்கள் இருந்தால் விரத நாளா என்று முன்பே கேட்டுவிடுங்கள். ஆண்டில் 200 நாளுக்கு மேல் அவர்களுக்கு விரதம். அந்த நாட்களில் முட்டை, பால் எதுவும் தொடமாட்டார்கள். துக்காவும் ரொட்டியும் காய்கறியும் தாராளமாகச் சாப்பிடலாம். எல்லாரிடமும் கேட்க வேண்டியது ஒவ்வாமை. பருப்பு, நிலக்கடலை, எள் மூன்றுமே சிலருக்கு உயிருக்கு ஆபத்து. பார்வைக்குப் பொடியாக இருப்பதால் உள்ளே பருப்பு இருப்பது தெரியாது.

8. எடுத்து வைப்பதும் கொண்டுபோவதும்

ஈரமில்லாத கண்ணாடிப் புட்டி, இறுக்கமான மூடி, வெயில் படாத அலமாரி. இப்படி வைத்தால் ஒரு மாதம் நன்றாக இருக்கும். கோடையில் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீஸரில் மூன்று மாதம் தாங்கும். குளிரிலிருந்து எடுத்த புட்டியை உடனே திறக்காதீர்கள். உள்ளே நீர் பூத்துக் கட்டியாகிவிடும். அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும். முகர்ந்தால் சிக்கு வாடை வந்தால் எறிந்துவிடுங்கள். நிலக்கடலை போட்டதில் பூஞ்சை ஒரு புள்ளி தெரிந்தாலும், அதை மட்டும் எடுத்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம் என்று நினைக்கவே வேண்டாம்.

ஊருக்குப் போகும்போது பரிசாகக் கொண்டுபோகிறவர்கள் புட்டியின்மேல் செய்த தேதியையும், உள்ளே இருக்கும் எல்லாப் பொருளையும் எழுதி ஒட்டுங்கள். எள்ளை விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் எள்ளும் முக்கிய ஒவ்வாமைப் பொருட்களின் பட்டியலில் ஒன்பதாவதாகச் சேர்ந்துவிட்டது. அமெரிக்கா போகும் விமானத்தில் 350 மில்லிக்கு மேற்பட்ட பொடி எதையும் கைப்பையில் வைத்தால் தனிச் சோதனைக்கு எடுத்துவிடுவார்கள், சமயத்தில் உள்ளே விடவும் மாட்டார்கள். பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள்.

ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ போகிறவர்கள் வருகைப் படிவத்தில் பருப்பு, விதை, மசாலா இருப்பதைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் அதிகாரி பார்த்துவிட்டு விடலாம், அல்லது எடுத்துக்கொள்ளலாம். அதற்கு அபராதம் இல்லை. அறிவிக்காமல் மாட்டினால் நியூசிலாந்தில் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். வீட்டில் கட்டிய பொட்டலத்தைவிட, கடையில் மூடி முத்திரையிட்டு, பொருட்களின் பெயரை ஆங்கிலத்தில் அச்சிட்ட பாக்கெட்டைக் காட்டுவது சுலபம். அந்த இரண்டு நாடுகளுக்கும் மட்டும் வீட்டுத் துக்காவை விட்டுவிட்டு அப்படி ஒரு பாக்கெட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.